அமைதி அருளப்படுவதா? ஆக்கப்படுவதா?

கற்பனைக் கோள்களைப் பற்றியும் அங்கு வாழும் கற்பனை மாந்தரைப் பற்றியும் எழுதப்படும் கதைகளைச் சமூகநோக்குடைய விமர்சகர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. நிகழ்கால வாழ்விலிருந்து தப்பியோடுவதற்கு அமைக்கப்பட்ட வாயில்கள் அவை என்பது அவர்தம் கருத்து. பெரும்பான்மையான கதைகளைப் பொறுத்தவரை இக்கருத்து தவறென்று கூறுவதற்கில்லை. ஆயினும் எந்தக் கற்பனையும் வெற்றிடத்திலிருந்து பிறப்பதில்லை. ஆயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஓர் உலகைப் படைப்பவனும் தான் வாழும் சமுதாயத்தின் மண்ணைக் குழைத்தே அதனைப் படைக்கிறான். ஆகவே அவன் படைத்த வேற்றுலகத்தாரை ஆராய்வது அவன் காலத்து மனிதரை ஆராய்வதேயாகும். சிறப்பாக, போரை அறியாத சாந்தமான ஓரினத்தை ஒருவன் கற்பனை செய்யும்போது, போரையும் அமைதியையும் பற்றி அவன் சமுதாயம் என்ன எண்ணியது, எதை எண்ண அஞ்சியது என்ற இரண்டும் ஒருங்கே வெளிப்பட்டு விடுகின்றன.

இந்நோக்கில் ஆராயத்தக்க படைப்பு ஒன்று 'ஸ்டார் ட்ரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலே உள்ளது. 1966 செப்டெம்பரில் என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பத் தொடங்கி, 79 அத்தியாயங்களின் பின் 1969 இல் நிறுத்திவிட்ட தொடர் அது. அதன் முதலாம் பருவத்தில், 1967 மார்ச் 23 ஆம் திகதி 'எரண்ட் ஒஃப் மேர்சி' என்ற அத்தியாயம் ஒளிபரப்பாயிற்று. 'கருணைத் தூது' என அதன் பெயரைத் தமிழில் வழங்கலாம். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையிற் பணிபுரிந்தவரான ஜீன் எல். கூன் எழுத, ஜோன் நியூலண்ட் நெறிப்படுத்தினார்.

காலத்தை மறந்து இதனை மதிப்பிடுதல் இயலாது. அன்று வியட்நாமில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினர் நிலைகொண்டிருந்தனர். கியூபாவில் ஏவுகணைகள் நிறுத்தப்பட்டமையால் உலகம் அணுப்போரின் விளிம்புக்குச் சென்று மீண்டு ஐந்தாண்டுகள்கூட நிறைவுறவில்லை. இவ்வத்தியாயம் ஒளிபரப்பாகிப் பன்னிரண்டு நாட்களின் பின், ஏப்ரல் 4 ஆம் திகதி, நியூயோர்க் நகரின் ரிவர்சைட் தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் வியட்நாம் யுத்தத்தை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். ஒரு சமுதாயத்தின் மனச்சாட்சி உறுத்தத் தொடங்கிய காலம் அது. அவ்வுறுத்தல் சவர்க்கார விளம்பரங்களுக்கும் மோட்டார் வண்டி விளம்பரங்களுக்கும் இடையே ஒரு வேற்றுலகக் கதையாகவும் வெளிப்பட்டது என்பதே ஈண்டு நாம் நோக்க வேண்டியது.

கதை வருமாறு: மனிதர் முதலான பல இனங்களின் கூட்டமைப்புக்கும் கிளிங்கன் பேரரசுக்குமிடையே நடைபெற்ற பேச்சுவார்த்தை முறிந்து போர் மூள்கிறது. இரு வல்லரசுகளுக்கும் நடுவே ஓர்கேனியா என்னும் கோள் கிடக்கிறது. அதனைத் தளமாக்கிக் கொள்பவர் கை ஓங்கும். கிளிங்கன்களை முந்துவதற்காகக் கலத்தலைவன் கிர்க், தன் துணைவன் ஸ்பொக்குடன் அங்கு இறங்குகிறான். பழங்கோட்டையொன்றும், எளிய உடையணிந்து அமைதியாக நடமாடும் மக்களுமே அவர்கள் கண்ணிற் படுகின்றனர். அயெல்போர்ன் என்பவரைத் தலைவராகக் கொண்ட முதியோர் சபையிடம் கிர்க் பாதுகாப்பும் உதவியும் தருவதாகக் கூறுகிறான். புன்முறுவலோடு அவர்கள் மறுத்துவிடுகின்றனர்.

அதற்குள் கிளிங்கன் படை வந்திறங்குகிறது. ஆளுநனாகப் பொறுப்பேற்கும் கோர் என்பவன் மூவருக்கு மேல் கூடுவதைத் தடைசெய்கிறான்; வெளியீடுகள் யாவும் தணிக்கைக்கு உட்படும் என்கிறான்; பணயக் கைதிகள் தெரிவு செய்யப்படுவர் என அறிவிக்கிறான். மாறுவேடத்தில் மறைந்திருக்கும் கிர்க்கும் ஸ்பொக்கும் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்க்கின்றனர். பழிவாங்குமுகமாக இருநூறு ஓர்கேனியர் கொல்லப்படுகின்றனர். பின்னும் இருநூறு பேர் கொல்லப்படுவர் என்ற அறிவித்தல் வருகிறது. முதியோர் அப்போதும் கலங்குவதில்லை. இறுதியில் விண்ணிலே இரு கடற்படைகள் போல் இரு கலத்தொகுதிகள் மோத எழும் வேளையில், ஆயுதங்கள் அனைத்தும் தொடமுடியாதவாறு கொதிக்கின்றன. ஓர்கேனியர் தம் உண்மை வடிவத்தைக் காட்டுகின்றனர். உடலைத் துறந்து ஒளியாகவும் ஆற்றலாகவும் வளர்ந்துவிட்ட இனம் அது. ஊரும் கோட்டையும் விருந்தினரின் வசதிக்காக அவர்கள் புனைந்த தோற்றங்களேயாம். கொல்லப்பட்டோர் எவருமில்லை, எண்ணற்ற ஆயிரம் ஆண்டுகளாக அங்கு மரணமே நிகழவில்லை. போர் தடுக்கப்படுகிறது.

இக்கதையின் சிறப்புகளை முதலில் நோக்குவோம்.

முதலாவது, உதவி என்னும் போர்வையை இது விலக்கிக் காட்டுகிறது. கிர்க் வாளோடு வரவில்லை, வரங்களோடு வருகிறான். பாடசாலைகள் கட்டித் தருவதாகவும், நோயையும் பசியையும் ஒழிப்பதாகவும், வல்லுநரை அனுப்புவதாகவும் அவன் வாக்களிக்கிறான். 1961 இல் கெனடி இலத்தீன் அமெரிக்காவுக்கு அறிவித்த 'முன்னேற்றத்துக்கான கூட்டணி'யின் குரலை அறிந்தவர்க்கு இக்குரல் புதிதன்று. ஓர்கேனியரின் பண்பாடு பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேங்கி நிற்கிறது என ஸ்பொக் தன் கருவியைக் கொண்டு அளந்து சொல்கிறான். தன்னைப்போல் இயந்திரங்களைப் பெருக்காதவன் வளராதவன் என்னும் அளவுகோல் அது. குடியேற்ற நாடுகளை ஆண்டவர்கள் யாவரும் ஏந்திய அளவுகோலும் அதுவே. கதையின் முடிவில் அவ்வளவுகோல் முறிகிறது. அளக்கப்பட்டவர்கள், அளந்தவனைவிட எத்தனையோ படிகள் மேலே நிற்கின்றனர். 1967 இல் அமெரிக்க இல்லங்களின் கூடத்திலே அமர்ந்து இதனைக் கண்டோருக்கு இஃது ஒரு பாடமாக அமைந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நாயகனையும் பகைவனையும் ஒரே தட்டில் இது நிறுத்துகிறது. ஜோன் கொலிகோஸ் நடித்த கோர் வெறும் கொடியவனல்லன். அறிவும் மிடுக்கும் உடையவன். அவன் ஓர்கேனியரை ஆடுகளென இகழ்கிறான். கிர்க்கையோ தன்னைப் போன்ற வேங்கையென மதிக்கிறான். கிர்க்கும் முதியோர் முன்னிலையில் தன்னை இராஜதந்திரியென்று கூறிக்கொள்ளவில்லை. போர்வீரன் என்றே கூறிக்கொள்கிறான். போர் தடுக்கப்பட்டதும் இருவரும் ஒரே குரலில் ஆர்ப்பரிக்கின்றனர். எங்கள் விவகாரத்திலே தலையிட உங்களுக்கு என்ன உரிமை என்று கிர்க் கேட்கிறான். எந்த உரிமையைக் காக்க முனைகிறாய், போர் தொடுக்கும் உரிமையையா, இலட்சக்கணக்கான அப்பாவிகளைக் கொல்லும் உரிமையையா என்று அயெல்போர்ன் திருப்பிக் கேட்கிறார். கிர்க்கின் வாய் அடைத்துப் போகிறது. சமாதானத்தின் தூதனாக வந்தவன் போரின் வழக்கறிஞனாக மாறிவிட்டதை அவனே உணர்கின்ற அக்கணமே இப்படைப்பின் உச்சம்.

மூன்றாவது, அவ்வுணர்வு வெட்கமாக முதிர்கிறது. கலத்துக்குத் திரும்பிய பின்னர், தான் விரும்பாத ஒரு போரைத் தடுத்தவர்கள் மீதே சினங்கொண்டமைக்காகத் தான் நாணுவதாகக் கிர்க் ஒப்புக்கொள்கிறான். வணிகத் தொலைக்காட்சியின் நாயகன் வெற்றியோடு திரும்புவதே மரபு. இங்கு அவன் நாணத்தோடு திரும்புகிறான். கோரோ, நிகழாமற்போன போரின் மகிமையை எண்ணி ஏங்குகிறான். இரண்டு மனிதர், இரண்டு முடிவுகள். திருந்தக்கூடியவன் யார், திருந்தாதவன் யார் என்பதற்கு இவ்வேறுபாடு ஒன்றே போதிய சான்று.

'முதலாளித்துவ நிறுவனமொன்று விளம்பர வருவாய்க்காகத் தயாரித்த பண்டத்துக்கு இத்தனை பாராட்டா?' என நம்முள் ஒருவர் வினவலாம். அவருக்கு 1888 இல் மார்கரெட் ஹார்க்னஸ் அம்மையாருக்கு எங்கெல்ஸ் எழுதிய கடிதத்தை நினைவூட்டலாம். முடியாட்சியின் ஆதரவாளராக இருந்த பால்ஸாக், தம் அரசியற் சார்புக்கு மாறாக, தாம் நேசித்த பிரபு வர்க்கத்தின் வீழ்ச்சியைத் தம் நாவல்களில் உண்மையாகச் சித்திரித்தார் என்பதை அக்கடிதம் எடுத்துக்காட்டியது. படைப்பாளியின் சார்பும் படைப்பு காட்டும் உண்மையும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை. தயாரித்தவன் யார் என்று கேட்பது விமர்சனத்தின் தொடக்கம். அத்துடன் நின்றுவிடுவது சோம்பல்.

நிற்க. சிறப்புகளைக் கூறியது போலவே குறைகளையும் கூறுதல் வேண்டும். அவை சிறு குறைகளல்ல. கதையின் அடித்தளத்திலே உள்ளவை.

ஓர்கேனியரின் சாந்தத்துக்கு நாம் ஏன் தலைவணங்குகிறோம்? அவர்கள் கூறியது நியாயம் என்பதனாலா? இல்லை, அவர்கள் வல்லவர்கள் என்று தெரிந்த பின்னரே கிர்க்கும் கோரும் செவிசாய்க்கின்றனர். அவர்கள் மெய்யாகவே எளிய உழவர்களாக இருந்திருப்பின் நிகழ்ந்திருப்பது என்ன? ஒரு வல்லரசு அவர்களைச் சுட்டிருக்கும். மற்றொரு வல்லரசு அவர்களைக் காப்பதாகக் கூறி அவர்கள் மண்ணையே போர்க்களமாக்கியிருக்கும். கதை எழுப்பிய உண்மையான வினா இதுவே. அவ்வினா எழுந்தவுடன் ஆசிரியர் உழவரை ஒளியாக மாற்றிவிடுகிறார். ஆயுதத்தின் அதிகாரத்தைக் கண்டிக்கப் புகுந்த கதை, அதைவிடப் பெரிய அதிகாரத்தின் முன் மண்டியிட்டு முடிகிறது. 1951 இல் ரொபர்ட் வைஸ் நெறிப்படுத்திய 'உலகம் அசையாது நின்ற நாள்' என்னும் திரைப்படத்திலும் வேற்றுலகத் தூதன் இவ்வாறே, இயந்திரக் காவலரின் அச்சுறுத்தலோடு அமைதியைக் கொண்டுவந்தான். அடியவரின் துயர் முற்றிய வேளையில் இறைவன் விடைமேல் தோன்றி அருள்புரியும் புராண முடிவு நமக்குப் பழக்கமானது. விண்கலங்களின் யுகத்திலும் அதே முடிவுதான். விடைக்குப் பதிலாக ஒளிப்பிழம்பு.

கொல்லப்பட்ட இருநூறு பேரை இனிக் கருதுவோம். துப்பாக்கி ஒலி கேட்கும்போது பார்வையாளன் நெஞ்சு துடிக்கிறது. பின்னர் எவரும் இறக்கவில்லை என்று கூறி அத்துடிப்பைக் கதை ஆற்றிவிடுகிறது. வரலாறு இவ்வாறு ஆற்றுவதில்லை. 1942 ஜூனில் நாஸிகள் பழிவாங்குமுகமாக அழித்த லிடிட்சே என்ற செக் கிராமத்தில் சுடப்பட்ட 173 ஆடவர் மீண்டெழவில்லை. இவ்வத்தியாயம் ஒளிபரப்பாகி ஓராண்டு நிறைவுறுவதற்கு ஒரு வாரம் முன்னர், 1968 மார்ச் 16 ஆம் திகதி, மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் முதியோரையும் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றனர். வியட்நாமியரின் கணக்குப்படி மாண்டோர் 504 பேர். திரையிலே பணயக் கைதிகளைக் கொன்றவன் கிளிங்கன். வரலாற்றிலே கிராமத்தைக் கொன்றவர்கள் கிர்க்கின் முன்னோர். போரைக் கண்ட மண்ணில் வாழும் நமக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை. இறந்தவர்களை எழுப்பித் தரும் கதை, இறந்தவர்களுக்குப் பதில் சொல்லும் கடமையிலிருந்து கொன்றவனை விடுவித்து விடுகிறது.

கதையிலே மக்கள் எங்கே என்றும் கேட்க வேண்டும். நாம் காண்பது ஒரு சபையை, அச்சபையின் முதியோரை. தெருவிலே நடப்பவர்கள் உருவங்களாக நடந்து மறைகின்றனர். அவர்களுள் ஒருவராவது வாய்திறந்து, எங்கள் நிலத்தில் உங்களிருவருக்கும் என்ன வேலை என்று கேட்பதில்லை. அமைதி ஓரினத்தின் தலைவிதியாகக் காட்டப்படுகிறதேயன்றி, அது எத்தகைய வாழ்விலிருந்து, எத்தகைய உறவுகளிலிருந்து விளைந்தது என்பது காட்டப்படவில்லை. அங்கு நிலம் யாருடையது, உழைப்பு எவ்வாறு பங்கிடப்பட்டது, ஆள்வோனும் ஆளப்படுவோனும் எப்போது ஒழிந்தனர் என்ற வினாக்களுக்குக் கதையில் இடமில்லை. எண்ணற்ற ஆண்டுகளின் பரிணாமம் என்ற ஒரு சொல்லே அனைத்துக்கும் விடையாகிறது. பரிணாமத்துக்காகக் காத்திருங்கள் என்பது, போராட வேண்டாம் என்பதன் மறுபெயராகவும் அமையலாம்.

கிளிங்கன்களின் தோற்றமும் கவனத்துக்குரியது. பழுப்பேறிய முகம், தொங்கும் மெல்லிய மீசை என, மேலைத்தேயத்தார் நெடுங்காலம் அஞ்சியும் இகழ்ந்தும் வந்த ஆசியக் கொடுங்கோலனின் வேடத்தையே இத்தொடர் அவர்களுக்கு முதன்முதலாகப் புனைந்தது. அதே அத்தியாயத்தில், கிர்க் இல்லாதபோது கலத்துக்குத் தலைமை தாங்குபவன் சூலு என்னும் ஆசியன். அப்பாத்திரத்தில் நடித்த ஜோர்ஜ் டக்கெய், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவழியினர் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசால் முகாமில் அடைக்கப்பட்ட குடும்பமொன்றின் பிள்ளை. ஒரு கையால் ஆசியனைத் தலைமைக்கு உயர்த்தி, மறுகையால் பகைவனுக்கு ஆசிய முகத்தை அணிவிக்கும் இம்முரண்பாடு, தாராளவாத அமெரிக்காவின் உள்முரண்பாடேயாகும்.

அம்முரண்பாடு மேலும் கூர்மையடைவதை 1968 பெப்ரவரி 2 ஆம் திகதி ஒளிபரப்பான 'எ பிரைவேட் லிற்றில் வோர்' என்ற அத்தியாயத்தில் காணலாம். வியட்நாமில் டெற் தாக்குதல் தொடங்கிச் சில நாட்களே கழிந்த வேளை அது. அங்கும் சாந்தமான மலைவாசிகள் வாழ்கின்றனர். அவர்களின் அயலாருக்குக் கிளிங்கன்கள் துப்பாக்கி கொடுத்திருக்கின்றனர். சமநிலையைக் காப்பதற்காக மலைவாசிகளுக்கும் அதேயளவு துப்பாக்கி கொடுப்பதெனக் கிர்க் முடிவு செய்கிறான். அவன் மனம் வருந்துகிறது. ஆனால் துப்பாக்கி போய்ச் சேருகிறது. ஓர்கேனியாவில் நாணிய அதே மனிதன், பதினொரு மாதத்துக்குள் அந்நாணத்தைக் கடமையாக மாற்றிக்கொண்டான். வல்லரசு வருந்திக்கொண்டே ஆயுதம் வழங்கினால், பெற்றுக்கொண்டவனின் வீடு எரியாமல் இருக்குமா?

இக்கேள்விக்கு அஞ்சாது முகங்கொடுத்த படைப்பும் அதே நாட்டில் தோன்றியது. 1968 இல் அமெரிக்க விஞ்ஞானப் புனைகதையாளர்கள் வியட்நாம் யுத்தம் குறித்து இரண்டுபட்டு, 'கலக்ஸி' சஞ்சிகையில் எதிரெதிர் விளம்பரங்கள் வெளியிட்டனர். ஆதரித்தோருள் ரொபர்ட் ஹைன்லைன் இருந்தார்; எதிர்த்தோருள் ஐசக் அசிமோவும் ரே பிராட்பரியும் ஏர்சலா லெ குயினும் இருந்தனர். லெ குயின் 1972 இல் வெளியிட்ட 'உலகத்துக்கான சொல் காடு' என்னும் குறுநாவலில், கொலை என்பதையே அறியாத காட்டின மக்களின் கோளுக்கு மனிதர்கள் மரம் வெட்ட வருகின்றனர். காடு அழிகிறது, மக்கள் அடிமைகளாகின்றனர். அவர்களைக் காக்க எந்த ஒளிப்பிழம்பும் தோன்றுவதில்லை. செல்வர் என்பவன் தலைமையில் அவர்களே எழுகின்றனர். எழும்போது கொல்லவும் கற்றுக்கொள்கின்றனர். வந்தவர்கள் வெளியேறுகின்றனர். ஆனால் கற்றுக்கொண்டதை மறந்துவிட அம்மக்களால் இயலாது. விடுதலைக்கு என்ன விலை கொடுக்க நேர்கிறது என்பதை மறைக்காத படைப்பு இது. இங்கு இறந்தவர்கள் இறந்தவர்களே. சாந்தமானவர்கள் மரியாதைக்குரியவர்களாவது அவர்கள் மறைவில் வல்லவர்கள் என்பதனாலன்று. அவர்கள் மனிதர்கள் என்பதனால்.

எனினும் அமைதிக்கு வழி, தேவரின் தலையீடு அல்லது ஆயுதக் கிளர்ச்சி என்ற இரண்டு மட்டுமே என்று கருதிவிடலாகாது. வரலாறு வேறு சில வழிகளையும் பதிவு செய்துள்ளது. 1955 இல் பாண்டுங்கில் கூடிய ஆசிய ஆபிரிக்க நாடுகளிடம் ஓர்கேனியரின் மாயசக்தி எதுவும் இருக்கவில்லை. அம்மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளுள் இலங்கையும் ஒன்று. வறுமையும் கடனும் மிகுந்த அந்நாடுகள் ஒன்றுகூடித் தம் குரலை உயர்த்தின. வல்லரசுகளின் நலனுக்காகக் கூட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைகளைப் பயன்படுத்தலாகாது என்பதும் அங்கு ஏற்கப்பட்ட கோட்பாடுகளுள் ஒன்று. இரு ஆண்டுகளின் பின், 1957 இல், திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரித்தானியரிடமிருந்து மீளப் பெறப்பட்டன. 1963 இல் அணுவாயுதப் பரிசோதனைகளைப் பகுதியளவில் தடைசெய்த உடன்படிக்கையும், 1967 ஜனவரியில் கைச்சாத்திடப்பட்டு விண்வெளியில் பேரழிவு ஆயுதங்களை நிறுத்துவதைத் தடைசெய்த உடன்படிக்கையும் விண்ணிலிருந்து இறங்கியவையல்ல. குழந்தைகளின் பாலிலே அணுத்தூசி கலப்பதை எதிர்த்து வீதியில் இறங்கிய தாய்மாரும், விஞ்ஞானிகளும், மாணவரும் எழுப்பிய குரல் அவற்றின் பின்னால் இருந்தது. அவை குறையுடையவை, மீறப்படக்கூடியவை. ஆனால் மனிதர் ஆக்கியவை.

'கருணைத் தூது' என்ற இப்படைப்பை மாணவருக்குக் காட்டலாமா என்று கேட்கும் ஆசிரியருக்கு, தயங்காது காட்டலாம் என்பதே எமது விடை. காட்டிய பின் மூன்று கேள்விகளை அவர்கள் முன் வைக்க வேண்டும். கிர்க் தருவதாகக் கூறிய உதவி யாருக்காக? ஓர்கேனியர் வலிமையற்றவர்களாக இருந்திருப்பின் கதை எவ்வாறு முடிந்திருக்கும்? கொல்லப்பட்ட இருநூறு பேருக்கும் பெயர் இருந்திருப்பின், எவரும் இறக்கவில்லை என்ற முடிவை நாம் ஏற்றிருப்போமா? முதற் கேள்வியைக் கதையே எழுப்புகிறது. அது கதையின் பெருமை. மற்றைய இரண்டையும் கதை தவிர்க்கிறது. அவற்றை எழுப்புவது பார்வையாளனின் பொறுப்பு.

வருங்காலத்திலே கூட்டமைப்பினரும் கிளிங்கன்களும் நண்பர்களாவர் என்று அயெல்போர்ன் கூறிச் செல்கிறார். 1987 இல் தொடங்கிய அடுத்த தொடரில் கிளிங்கன் ஒருவன் கலத்தின் அதிகாரியாகவே அமர்த்தப்பட்டான். கற்பனையில் அத்தீர்க்கதரிசனம் இருபது ஆண்டுகளில் நிறைவேறிற்று. மண்ணுலகில் அதற்கு எத்தனை ஆண்டுகள் செல்லும் என்பதை எந்த ஒளிப்பிழம்பும் வந்து அறிவிக்கப் போவதில்லை. ஆயுதங்கள் தாமாகக் கொதித்து எவர் கையிலிருந்தும் விழப்போவதுமில்லை. அவற்றை வார்ப்பவனும், சுமப்பவனும், அவற்றுக்கு வரி செலுத்துபவனும் மனிதன். அவற்றைக் கீழே வைக்க வேண்டியவனும் அவனே.